நாலாம் கிளாஸ் படித்த பி.யு.சி.

டிவியில் சின்னப் பசங்களின் பாட்டுப் போட்டி ஓடாத வீடு தமிழ்நாட்டில் ரொம்பக் குறைவு. எட்டு வயசுப் பையன் மேடையேறிப் பெரியவங்க பாட்டைப் பெரியவங்க மாதிரியே பாடுவான். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்பாவும் அம்மாவும் கீழே கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள். கேமரா பையனை விட்டுவிட்டு அவங்க முகத்தையே சுத்திச் சுத்திக் காட்டும். பாட்டு முடிந்ததும் பையன் முதலில் பார்ப்பது நடுவரை அல்ல, அப்பாவைத்தான். கவனித்துப் பாருங்கள், பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான்.

இதெல்லாம் டிவி வந்த பிறகு ஆரம்பித்த கூத்து என்று நினைத்தால் தப்பு. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இது நம்ம ஊரில் ஒரு பெரிய தொழில். முதலாளி, ஒப்பந்தம், மாதச் சம்பளம், ஹாஸ்டல் (அதற்கு அப்போது பெயர் கம்பெனி வீடு), டூர் எல்லாம் உண்டு. அந்தத் தொழிலில் ஐந்து வயதில் இறங்கி, முப்பத்தைந்து வயதில் உயிரோடு சேர்த்தே ரிடையர் ஆன ஒருத்தர் புதுக்கோட்டைக்காரர். பெயர் பி.யு.சின்னப்பா.

நம்ம தாத்தாக்களிடம் பி.யு.சி. என்றால் காலேஜுக்கு முந்தைய படிப்பைச் சொல்வார்கள். இந்த பி.யு.சி. படித்தது நாலாம் கிளாஸ் வரைதான். 'பி' என்பது புதுக்கோட்டை. 'யு' என்பது அப்பா உலகநாத பிள்ளை. ஊர், அப்பா இரண்டும் இனிஷியலிலேயே இருக்கின்றன. அவர் வாழ்க்கையும் கிட்டத்தட்ட இந்த இரண்டுக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறந்தது 1916 மே 5. அம்மா மீனாட்சி அம்மாள். வீட்டில் வைத்த பெயர் சின்னசாமி. அன்றைக்குப் புதுக்கோட்டை ஒரு மாவட்டம் கிடையாது (அது 1974ல்தான் வந்தது). தனி சமஸ்தானம். ராஜா, திவான், தர்பார், அம்மன் காசு என்று சொந்தமாக நாணயம்கூட இருந்த ஊர்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915ல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்கு 1916ல் சிட்னியில் ஒரு மகன் பிறந்தான். ராஜாவின் சொந்தப் பிள்ளை, ஆனாலும் பட்டம் கிடைக்கவில்லை. 1928ல் ராஜா இறந்தபோது பட்டம் ராஜகோபால தொண்டைமானுக்குப் போனது. அதே 1916ல் அதே ஊரில் ஒரு கூத்தாடி வீட்டில் பிறந்த பையன்தான் பிற்காலத்தில் பிருதிவிராஜனாகவும் ஜகதலப்பிரதாபனாகவும் தமிழ்நாடு முழுக்க முடி சூட்டிக்கொண்டான். நிஜ ராஜகுமாரனுக்கு நாற்காலி இல்லை, ராஜபார்ட்காரனுக்கு ஊருக்கு ஊர் சிம்மாசனம். சரி, மேட்டருக்கு வருவோம்.

உலகநாத பிள்ளை மேடை நடிகர். அன்றைக்கு நாடகக்காரர் என்றால் பாட்டுக்காரர் என்றுதான் அர்த்தம். பாட்டு வராதவனுக்கு மேடையில் வேலை இல்லை. வசனம் நடுநடுவே ஊறுகாய் மாதிரி. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களை இன்றைக்குப் புத்தகமாக எடுத்துப் புரட்டினால் தெரியும், பக்கத்துக்குப் பக்கம் பாட்டு. அந்த வீட்டில் பிள்ளைக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது நாடகப் பாட்டுத்தான். பள்ளிக்கூடம் பேருக்கு. ஐந்து வயதிலேயே மேடை ஏறியாச்சு. 'சதாரம்' நாடகத்தில் குட்டித் திருடன் வேடம் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்று சொல்வார்கள். நாலாம் கிளாஸோடு படிப்பு நின்றது. வீட்டில் கஷ்டம். நடுவில் கொஞ்ச நாள் கயிறு திரிக்கும் வேலைக்குப் போனதாகவும் சொல்வார்கள். அது உண்மையானால், நாடகம் அந்தப் பையனுக்கு ஆசை மட்டுமில்லை, கயிறு திரிக்கிற திண்ணையை விட்டு எழுந்து வருவதற்கான வழியும்கூட.

அப்போது தமிழ்நாட்டில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தவை பாய்ஸ் கம்பெனிகள். எல்லா வேடத்துக்கும் பையன்கள். அரிச்சந்திரனும் பையன், சந்திரமதியும் பையன், எமனும் பையன்.

ஏன் பையன்கள்? மூன்று காரணம் சொல்லலாம். பெரிய நடிகர்கள் முதலாளி பேச்சைக் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு இங்கே அட்வான்ஸ், நாளைக்கு வேறு கம்பெனி. குடித்துவிட்டு வருவதும் உண்டு. பையன் என்றால் உட்கார் என்றால் உட்காருவான். அடுத்து, ஆண்களும் பெண்களும் ஒரே மேடையில் நடிப்பதை ஊர் ஏற்காத காலம். மகரக்கட்டு உடையாத பையனுக்குப் புடவை கட்டினால் ஸ்திரீபார்ட் ரெடி. மூன்றாவது காரணம்தான் முக்கியம், ஆனால் அதிகம் பேசப்படாதது. மைக் கிடையாது. கொட்டகையில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தால் கடைசி மண்தரையில் இருப்பவனுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். அதற்கு நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் பாட வேண்டும். வளர்ந்த ஆம்பிளைகளில் எத்தனை பேரால் விடிய விடிய அந்தச் சுருதியில் பாட முடியும்? பத்து வயசுப் பையனுக்கு அது இயற்கையாகவே வரும். ஆக, முதலாளி சம்பளம் கொடுத்தது பையனுக்கு என்பதைவிட அவன் தொண்டைக்கு என்பதுதான் சரி.

முதலில் சின்னப்பா சேர்ந்தது தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் ஆரம்பித்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்த இடம். அவர்களும் நாடகக்கார வீட்டுப் பிள்ளைகள்தான். அப்பா கண்ணுசாமி பிள்ளை பெண் வேடத்தில் பேர் எடுத்தவர். டி.கே.சண்முகம் கம்பெனியில் சேர்ந்தபோது வயது ஆறு. அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதினார் என்பது நாடக உலகத்தில் பிரபலமான கதை. சண்முகம் பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்று ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். பாய்ஸ் கம்பெனி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. சின்னப்பா அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. நாலாம் கிளாஸ், அதோடு ஆயுளும் கம்மி. அதனால்தான் அவரைப் பற்றிய பாதி விஷயங்கள் 'சொல்வார்கள்' என்றே முடிகின்றன.

அங்கே அவர் அதிக நாள் இல்லை. சில மாதங்கள்தான். அடுத்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. முதலாளி சச்சிதானந்தம் பிள்ளை. சம்பளம் மாதம் 15 ரூபாய், மூன்று வருஷ ஒப்பந்தம்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் பேனாவை எடுப்பது வழக்கம். மாதம் 15 என்றால் வருஷத்துக்கு 180. மூன்று வருஷத்துக்கு 540 ரூபாய். இது பையன் கணக்கு. முதலாளி கணக்கில் சாப்பாடு, துணி, தங்க இடம், வாத்தியார், சீன், ரயில் செலவு எல்லாம் உண்டு. அதனால் முதலாளியை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. பல கம்பெனிகள் நஷ்டத்தில் மூடியவைதான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்? பையன் இல்லை. சம்பளம் போய்ச் சேர்ந்தது யார் கைக்கு? பெரும்பாலும் பெற்றவர்கள் கைக்கு. சரக்கு ஒருத்தனிடம், விற்பது இன்னொருத்தர், வாங்குவது மூன்றாவது ஆள். பையனுக்குக் கிடைப்பது பாடம் தப்பினால் பிரம்படி, நன்றாகப் பாடினால் கைத்தட்டல்.

அந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் சின்னப்பாவுக்குச் சின்னச் சின்ன வேடங்கள்தான். ஒருநாள் வேறு பெரிய பையன் மேடையில் பாட வேண்டிய பாட்டை இவர் சும்மா தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாராம். அது முதலாளி காதில் விழுந்தது. யார்டா அது என்று கூப்பிட்டு, திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டு, அன்றைக்கே கதாநாயகன் வேடம், சம்பளம் 15லிருந்து 75. ஐந்து மடங்கு! சினிமாக் கதை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் காலக் கம்பெனிகளில் இது நடக்கக்கூடியதுதான். முதலாளிக்கு ஒரு ராஜபார்ட் கிடைப்பதும் கிடைக்காததும் வசூலை அப்படியே மாற்றிவிடும். பிடித்துப் போட வேண்டிய சரக்கு பக்கத்து அறையிலேயே, அதுவும் 15 ரூபாய்க்கே இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த கம்பெனிக்காரன் மோப்பம் பிடிப்பதற்குள் 75 கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் உண்டு. வியாபாரம் என்று சொன்னாலும் சச்சிதானந்தம் பிள்ளைக்கு அது குறைவில்லை.

அதே கம்பெனியில் இன்னொரு ஏழை வீட்டு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். சக்கரபாணி, ராமச்சந்திரன். ஆமாம், அந்த எம்.ஜி.ராமச்சந்திரன்தான். சின்னப்பாவைவிட எட்டு மாதம் இளையவர். வாத்தியார் காளி என்.ரத்தினம். 'பாதுகா பட்டாபிஷேகம்' நாடகத்தில் சின்னப்பாவுக்குப் பரதன் வேடம். கம்பெனி போன ஊரெல்லாம் அதற்கு நல்ல பேர். அப்பா சொல்லால் கிடைத்த ராஜ்ஜியத்தை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையின் வேடம் அது. அப்பா தொழிலையே ராஜ்ஜியமாக வாங்கிக்கொண்ட பிள்ளை அதில் நடித்திருக்கிறார்.

சரி, மகரக்கட்டு. பையனுக்கு மீசை அரும்பும்போது குரல் உடையும். மேலே போக வேண்டிய இடத்தில் கீழே விழும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். மற்ற பையன்களுக்கு இது வெறும் கிண்டல் விஷயம். பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு இது வேலை போகிற விஷயம். நேற்று வரைக்கும் கொட்டகையே கட்டுண்டு கேட்ட தொண்டை, இன்றைக்கு ஓட்டைப் பானை. திரும்ப நல்ல குரல் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. சிலருக்கு வரும். பலருக்கு வராது. வராதவர்கள் கூட்டத்தில் நிற்கிற வேடத்துக்கோ, சீன் தள்ளுவதற்கோ, ஊருக்குத் திரும்பிப் போவதற்கோ தயாராக வேண்டியதுதான். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒன்று வரும். மெஷின் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பு குறையும், அதற்காக முதலிலேயே ஒதுக்கி வைப்பார்கள். பையன் தொண்டைக்கு அப்படி யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. அதுவும் இந்தத் தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதும் இல்லை. ஒரு கார்த்திகை மாசத்தில் இருக்கும், தை மாசத்தில் இருக்காது.

இதை இங்கே ஒருத்தரும் பெரிதாக யோசிக்காத காலத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு வழக்கு நடந்தது. ஜாக்கி கூகன். 1914ல் பிறந்தவர், சின்னப்பாவுக்கு இரண்டு வயது பெரியவர். அவரும் மேடைக்கார வீட்டுப் பிள்ளை. சார்லி சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் வருகிற அந்தக் குட்டிப் பையன். சின்னப்பா மேடையேறிய அதே சமயம் ஜாக்கி உலகம் பூரா பிரபலம். சின்ன வயசில் அவர் சம்பாதித்தது 30 லட்சம், 40 லட்சம் டாலர் இருக்கும் என்றார்கள். பெரியவனான பிறகு கணக்குக் கேட்டால், அம்மாவும் மாற்றாந்தந்தையும் கையை விரித்துவிட்டார்கள். சட்டப்படி மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றவர்களுக்கே சொந்தம் என்றார்கள். 1938ல் அவர் வழக்குப் போட்டார். கடைசியில் கைக்குக் கிடைத்தது 1,26,000 டாலர். அந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் கலிபோர்னியாவில் 1939ல் குழந்தை நடிகர்களுக்காகச் சட்டம் வந்தது. பேரே கூகன் சட்டம்.

நம்ம ஊரில்? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல் திருத்தி, 2017ல் விதிகள் போட்டார்கள். குழந்தை நட்சத்திரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசிய வங்கியில் அந்தக் குழந்தையின் பெயரில் டெபாசிட். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட நூறு வருஷம்! விடிய விடிய நாடகம் ஆடின பாய்ஸ் கம்பெனியில் இந்த ஐந்து மணி நேரம் எல்லாம் காமெடி. 20 சதவீதம் என்று வைத்தால் சின்னப்பாவின் 15 ரூபாயில் மாதம் மூன்று ரூபாய். மூன்று வருஷத்தில் 108 ரூபாய். 75 ஆன பிறகு மாதம் 15, அதாவது அவருடைய பழைய முழுச் சம்பளம் அவர் பெயரிலேயே சேர்ந்திருக்கும்.

பத்தொன்பது வயதுவாக்கில் அவர் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை என்பதுதான் அவரைப் பற்றிப் படிக்கும்போது ரொம்பப் பிடிக்கிற இடம். பையனாக இருந்தபோது தொண்டை இயற்கையாகக் கொடுத்ததை, பெரியவனான பிறகு பாடுபட்டுத் திரும்பச் சம்பாதிக்கப் பார்த்தார். முறையாக கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். திருவையாறு சுந்தரேச நட்டுவனார் அவருடைய குருமார்களில் ஒருவர். இன்னொரு பக்கம் சிலம்பம், குஸ்தி, எடை தூக்குவது. பாட்டு போனாலும் உடம்பு இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் காலத்துப் பாட்டுக்கார ஹீரோக்களில் கத்திச் சண்டை போட்டால் நம்புகிற மாதிரி இருந்தது இவர் ஒருத்தர்தான் என்று வயசானவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். நடுவில் ஸ்பெஷல் நாடகங்கள். இலங்கை வரை போய் நடித்தார்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் தெரியாதவர்களுக்காக: கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியப் பெட்டிக்காரர் இன்னொரு ஊர். திருவிழா ராத்திரியில் எல்லாரும் மேடையில்தான் சந்திப்பார்கள். எல்லாருக்கும் பாடம் மனப்பாடம், அதனால் ஓடும். புதுக்கோட்டை இன்றைக்கும் இதற்குப் பேர் போன ஊர். நடிகர் சங்கம் உண்டு. பங்குனி, சித்திரையில் மாவட்டத்துக் கிராமங்களுக்குப் போனால் 'வள்ளி திருமணம்' நோட்டீஸ் ஒட்டாத சுவர் இருக்காது. போட்டோவோடு, ஊர்ப் பேரோடு. பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்த நோட்டீஸ்களில் இன்னும் அப்படியே இருக்கிறது.

சினிமாவுக்கு 1936ல் வந்தார். ஜூபிடர் எடுத்த 'சந்திரகாந்தா', ராஜா சாண்டோ டைரக்‌ஷன். சுண்டூர் இளவரசன் வேடம். அதில் அவர் பெயர் சின்னசாமிதான், சின்னப்பா பிறகு வந்தது. படம் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அடுத்தடுத்து வந்தவை (யயாதி, அனாதைப் பெண், பஞ்சாப் கேசரி மாதிரியானவை) அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. வாய்ப்புகள் குறைந்தன. நடுவில் ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய், புதுக்கோட்டையில் நாற்பது நாள் மௌன விரதம் இருந்தார் என்று ஒரு கதை உண்டு. பக்தி என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வயதிலிருந்து வாயைத் திறந்து பிழைத்த ஒருத்தன் நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அவன் குரலுக்கு லீவே விட்டதில்லையே!

அங்கிருந்து அவரைக் கூட்டிப்போய் நிறுத்தியவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். 1940ல் 'உத்தம புத்திரன்'. இரட்டை வேடம். தமிழ் சினிமாவில் அதுதான் முதல் இரட்டை வேடம் என்பார்கள். இரும்பு முகமூடி மனிதன் கதை. ஒரே முகம், ஒருத்தன் அரண்மனையில், ஒருத்தன் வெளியே. படம் ஓகோ. பதினெட்டு வருஷம் கழித்து சிவாஜி அதே பெயரில், அதே கதையில் நடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பல பேருக்குத் தெரிந்ததுதான். ஆர்யமாலா, கண்ணாம்பாவோடு கண்ணகி (1942), மனோன்மணி, பிருதிவிராஜன், குபேர குசேலா. தமிழ்நாடே பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று பிரிந்து சண்டை போட்டது. இன்றைக்கு ஃபிளெக்ஸ் போர்டுக்குப் பால் ஊற்றுகிற கூட்டத்துக்கு அவர்கள்தான் முப்பாட்டன்கள். தியாகராஜ பாகவதர் குரல் தேன் என்றால் சின்னப்பா குரல் கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் உழைத்த குரல். பாகவதருக்கு வசனம் பேசுவது ஒரு சடங்கு மாதிரி. சின்னப்பா நடிப்பார். பாகவதர் 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உள்ளே போய் 1947ல்தான் வெளியே வந்தார். அந்த நாட்களில் சின்னப்பாவுக்கு எதிரே ஆளே இல்லை.

'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் ஒரு காட்சி வரும். கச்சேரி மேடையில் பாடுவது சின்னப்பா, பக்கவாத்தியம் வாசிப்பதும் சின்னப்பா. ஒரே ஃபிரேமில் ஐந்து சின்னப்பாக்கள். 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி செய்ததற்கு இருபது வருஷம் முன்னாடி! கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை, ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுக்க வேண்டும். டெக்னிக் ஒரு பக்கம் இருக்கட்டும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையும், மிருதங்கம் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வாழ்ந்த ஊர் புதுக்கோட்டை. அந்த ஊர்ப் பையன் தாளம் போடுவது பொய்யாகத் தெரியவில்லை.

பிருதிவிராஜன் படத்தில் ஜோடியாக நடித்த ஏ.சகுந்தலாவை 1944ல் கல்யாணம் செய்துகொண்டார். மகன் ராஜபகதூர். அவரும் பின்னாளில் சினிமாவில் நடித்தார். ஆக மூன்று தலைமுறை. 1949ல் வந்த 'மங்கையர்க்கரசி'யில் சின்னப்பாவுக்கு மூன்று வேடம், அப்பா, மகன், பேரன். தயாரிப்பாளர் இதை நினைத்து வைத்தாரோ இல்லையோ, பொருத்தமாக அமைந்துவிட்டது.

பணம் என்ன ஆச்சு? இங்கேதான் அந்த 15 ரூபாய் திரும்ப ஞாபகம் வருகிறது. சின்னப்பா சம்பாதித்ததை எல்லாம் புதுக்கோட்டையில் வீடாக வாங்கிக் குவித்தார். நூறு வீட்டுக்கு மேல் என்று ஊரில் கணக்குச் சொல்வார்கள். இப்படியே போனால் ஊரே இவன் பேரில் ஆகிவிடும் என்று, இனிமேல் சின்னப்பா வீடு வாங்கக்கூடாது என சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை ரொம்பப் பிரபலம். எது எவ்வளவு உண்மையோ, அவர் நிறைய வீடு வாங்கினார் என்பதில் சந்தேகமில்லை. முதலீட்டுப் பாடம் நடத்துகிறவர்கள் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் போடாதே என்பார்கள். சின்னப்பா போட்டது ஒரே கூடை மட்டுமில்லை, ஒரே ஊர்க் கூடை. ஆனால் நாலாம் கிளாஸில் நின்று, கம்பெனி வீட்டில் பாய் விரித்துப் படுத்து, ஊர் ஊராகக் கொட்டகை மாற்றிக்கொண்டே வளர்ந்த ஒரு பையன், கையில் காசு வந்ததும் சொந்த ஊரில் வீடு, இன்னொரு வீடு, இன்னும் ஒரு வீடு என்று வாங்கியதை வெறும் லாப நஷ்டக் கணக்கில் எழுத முடியாது. குரல் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று அவருக்கு அனுபவத்திலேயே தெரியும். சுவர் போகாது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ராஜா போனார். ராஜா ராணிப் படங்களுக்கும் மவுசு குறைய ஆரம்பித்தது. பாட்டைவிட வசனம் பெரிதாகிக்கொண்டிருந்தது. அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யும் 'நல்லதம்பி'யும் 1949ல் வந்தாயிற்று. அதே வருஷம் 'ரத்னகுமார்' படத்தில் சின்னப்பா ஹீரோ, பாய்ஸ் கம்பெனித் தோழர் எம்.ஜி.ஆர். துணை நடிகர். அடுத்த இரண்டு வருஷத்தில் எம்.ஜி.ஆர். மந்திரிகுமாரி, மர்மயோகி என்று எங்கேயோ போய்விட்டார்.

1951 செப்டம்பர் 23. சின்னப்பா புதுக்கோட்டையில்தான் இருந்தார். நண்பர்களோடு 'மணமகள்' படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாராம். ரத்த வாந்தி எடுத்தார். அன்று ராத்திரியே போய்விட்டார். வயது 35. அதில் முப்பது வருஷம் சர்வீஸ். இன்றைக்குச் சில பேர் முதல் வேலையில் கன்ஃபர்ம் ஆகிற வயசு அது.

அவர் நடித்த 'சுதர்ஸன்' அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. கோரா கும்பர் கதை. குயவர். பாண்டுரங்கன் மேல் பாடிக்கொண்டே காலால் மண்ணைக் குழைக்கிறார். பாட்டில் மெய்மறந்து, தவழ்ந்து வந்த தன் குழந்தையையே மிதித்துவிடுகிறார். பாட்டு முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. சின்னப்பாவின் படங்களில் சிலவும் பாட்டுகளில் பலவும் யூடியூபில் கிடைக்கின்றன. கரகரவென்று ஒரே இரைச்சல். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டால் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, மைக்கே இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடிப் பழகிய குரல் வரும்.